தங்கமணியின் ஹிஸ்டமின்

தூத்துக்குடியில் இல்லாத தடிப்பு, சந்தாபுரா வந்ததும் தங்கமணிக்கு. வீட்டுக்கே வந்து எடுத்துப்போன ரத்தத்தில் ஹிஸ்டமின் எக்கச்சக்கம் என்று ரிப்போர்ட். அன்றிரவு அம்மணி சாப்பிடவில்லை.

டாக்டரோ, "எடுத்து எவ்வளவு நேரம் கழித்துப் பிரித்தார்கள்?" என்றார். ஓசூர் ரோடு டிராஃபிக்கில் இரண்டு மணி நேரம்!

விஷயம் இதுதான் மக்களே. பிளாஸ்மாவில் இருக்கவேண்டியது மில்லிலிட்டருக்கு 1 நானோகிராமுக்கும் குறைவு. பேசோஃபில் என்ற வெள்ளையணுக்களுக்குள் பூட்டிக் கிடப்பதோ பல மடங்கு. அணு உடைந்தால் எல்லாம் வெளியே. எங்க பேங்க் பாஷையில், கவுண்டர் பணத்தை எண்ணும்போது பெட்டகத்தையும் திறந்து கொட்டினமாதிரி.

சிறுநீரிலும் வம்புதான்: வெளியே வைத்தால் பாக்டீரியா ஹிஸ்டிடினை ஹிஸ்டமினாக்கிவிடும். அதனால்தான் மெத்தில்ஹிஸ்டமினை அளக்கிறார்கள். கெட்டுப்போன சூரை மீன் வேறு கணக்கைக் குழப்பும். (தூத்துக்குடிக்காரிக்கு மீன் தடை, நினைத்துப் பாருங்கள்!)

இந்தமுறை லேபுக்கே போய்க் கொடுத்தோம், ஐஸில் வைத்தார்கள். ரிசல்ட் வியாழக்கிழமை.