பாதரச மனுசனும் களத்துமேட்டுத் தீர்ப்பும்

சம்பா அறுவடை முடிந்து வைக்கோல் போர் ஏறிவிட்டால் எங்கள் ஊர்க் களத்தில் வீடியோ டெக்கு வைத்துப் படம் போடுவார்கள். நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் வெண்ணாற்றை விட்டுப் பிரிகிற பாமணியாற்றின் கரையில் இருந்த ஊர் அது. வீட்டுக்கு இரண்டு ரூபாய் வசூல். தராத வீட்டுப் பிள்ளைகளும் முன்வரிசையில்தான் உட்காரும். மன்னார்குடியிலிருந்து சாலிடேர் கலர் டிவியும் டெக்கும் மாட்டு வண்டியில் வரும். அடியில் வைக்கோல் பரப்பி, மேலே சாக்கு விரித்து, டிவியை அணைத்துப் பிடித்தபடி ஓர் ஆள் கூடவே வருவார். அவர்தான் ஆபரேட்டர். அன்று ராத்திரி ஊரில் அவருக்கு இருந்த மரியாதை பஞ்சாயத்துத் தலைவருக்குக்கூடக் கிடையாது.

வீடியோவில் ஊர் கூட்டிப் படம் காட்டுவதை ஒழுங்குபடுத்த 1984-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. அதனால், யாராவது வந்து கேட்டால் காதுகுத்து என்று சொல்லும்படி பிள்ளைகளைப் பழக்கி வைத்திருந்தார்கள். யாருக்குக் காதுகுத்து என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பேர் சொல்வோம்.

ஒரு ராத்திரிக்கு மூன்று படம். முதலில் பெரியவர்களுக்காக ஒரு சிவாஜி படம், அடுத்து ரஜினி படம். இரண்டும் முடிந்து பெண்கள் பாயைச் சுருட்டும் நேரத்தில் இளவட்டங்களுக்காக ஓர் இங்கிலீஷ் படம். 1993 தை மாதக் கடைசியில் நடந்த ராத்திரியில் இரண்டாவது படம் 'அண்ணாமலை'. மூன்றாவது, வெளிநாடு போய்ச் சம்பாதிக்கும் கூத்தாநல்லூர்ச் சபுராளி ஒருவர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கேசட். 'டெர்மினேட்டர் 2'. ஜேம்ஸ் கேமரூன் 1991-ல் எடுத்தது. அமெரிக்கக் கேசட் என்றால் நம் டெக்கில் ஓடாது, அங்கே என்.டி.எஸ்.சி. முறை. சிங்கப்பூரிலும் நம் ஊரிலும் பால் முறை என்பதால் கோடு ஓடாமல், நிறம் மங்காமல், ஆபரேட்டர் டிராக்கிங் பொத்தானைத் தொடாமலேயே படம் கண்ணாடி போல வந்தது. திருட்டு கேமரா பிரின்ட்டையே பார்த்துப் பழகியவர்கள் அந்தத் துலக்கத்துக்காகவே பாயை மறுபடி விரித்தார்கள்.

முதல் பாகத்தை யாரும் பார்த்ததில்லை. அர்னால்டை மட்டும் தெரியும். 'கமாண்டோ' அதற்கு முன்பே எங்கள் களத்துக்கு வந்து போயிருந்தது. வசனத்துக்கு என் சித்தப்பா பொறுப்பு. மன்னார்குடிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவர், டிவிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு காட்சிக்கும் கதை சொன்னார். பாதி அவர் காதில் விழுந்தது, மீதி அவரே கட்டியது. உருகி ஓடி மறுபடி ஆளாகி எழுகிறானே அந்த வில்லன் டி-1000, அவனுக்குப் 'பாதரச மனுசன்' என்று பேர் வைத்தது அவர்தான். அந்த வேடத்தில் நடித்த ராபர்ட் பேட்ரிக்கின் பேர் ஊருக்குக் கடைசிவரை தெரியாது.

ஆரம்பத்திலேயே ஒரு கலவரம். அர்னால்டு பிறந்தமேனியாக வந்து நின்றதும் பெண்கள் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தார்கள். பெரியப்பா, "ஓட்டுடா, ஓட்டுடா" என்று கத்தினார். ஆபரேட்டர் ஓட்டிய ஓட்டில் அவன் சட்டை போட்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டி, பைக்கில் ஏறிவிட்டான். அந்தச் சட்டை எங்கிருந்து வந்தது என்று எங்களுக்கு ரொம்ப நாள் தெரியாது.

பிறகு அந்தத் துரத்தல். அர்னால்டு காப்பாற்ற வந்த பையன் சின்ன பைக்கில் ஓடுகிறான், பின்னால் பெரிய லாரி பாலத்தை உடைத்துக்கொண்டு கால்வாய்க்குள் குதிக்கிறது. உலகம் முழுக்க லாரியைப் பார்த்திருக்கும். எங்கள் ஊர் கால்வாயைப் பார்த்தது. "என்னடா இது வாய்க்கா? ரெண்டு பக்கமும் தரையும் சிமெண்டு. பொட்டுத் தண்ணி இல்லையே" என்றார் ஆறுமுகம் மாமா. "மதகு எங்க இருக்கு?" என்று இன்னொருவர். காவிரி நடுவர் மன்றம் 205 டி.எம்.சி. தண்ணீர் தரச் சொல்லி ஒன்றரை வருஷம் ஆகியும், வருமா வராதா என்று வயிற்றைக் கலக்கிக்கொண்டிருந்த காலம் அது. "அவனுக்கும் மேலேருந்து தொறக்கலபோல" என்று ஒரு குரல் வந்ததும் களமே சிரித்தது. 1938 வெள்ளத்துக்குப் பிறகு லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தின் ஆற்றுக்கும் ஓடைகளுக்கும் சிமெண்ட் போட்டுவிட்டார்கள் என்பதைப் பின்னால்தான் படித்தேன். தண்ணீரைச் சீக்கிரம் கடலுக்குத் தள்ளுவதற்கான வேலை அது. பல வருஷம் கழித்துக் கல்லணைக் கால்வாயில் சிமெண்ட் தளம் போட வந்தபோது, நிலத்தடி நீர் என்னாவது என்று நம் விவசாயிகள் கேட்டார்கள். ஆறுமுகம் மாமாவின் கேள்வியும் அதுதான்.

என் அப்பாயி மெலட்டூர்ப் பக்கம் பிறந்தவர். நரசிம்ம ஜெயந்திக்கு அங்கே விடிய விடிய நடக்கும் பாகவத மேளாவில் பிரகலாதன் கதையைப் பார்த்தே வளர்ந்தவர். பாதரச மனுசன் தரையிலிருந்து எழுந்தபோது சுற்றி இருந்த பிள்ளைகள் அலறினோம். அப்பாயி அசரவில்லை. குண்டு துளைத்து ஓட்டை மூடியது, உறைந்து சுக்குநூறாகிச் சேர்ந்தது, எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது இரணியன் வாங்கியாந்த வரம்ல? ஆயுதத்துல சாவல, குளிர்ல சாவல. எதுல சாவும்னு கண்டுபிடிச்சுல்ல முடிக்கணும்." கொஞ்ச நேரத்தில் உருக்காலைக் குழம்பில் விழுந்து அவன் செத்தான். இங்கிலீஷ் ஓர் எழுத்துத் தெரியாத அப்பாயி, சித்தப்பாவைவிடச் சரியாகக் கதை சொன்னதாக அன்றே பேர் வாங்கினார்.

விடிந்ததும் டீக்கடையில் தீர்ப்பு தொடங்கியது. பையனின் அம்மா சாரா கானரைப் பெண்களுக்கு ஒரேயடியாகப் பிடித்துவிட்டது. 'வைஜயந்தி ஐ.பி.எஸ்.' பார்த்த கண்ணுக்கு, துப்பாக்கி தூக்கும் பொம்பளை புதிதில்லை. "பைத்தியம்னு கட்டிப் போட்டாலும் புள்ளையக் காப்பாத்தப் பூட்டை ஒடைச்சா பாரு, அவதான் ஆத்தா" என்றார் ஒரு அத்தாச்சி, வயல் வரப்பில் நின்று.

அர்னால்டு கடைசியில் தீக்குழம்புக்குள் இறங்குவதைப் பற்றித்தான் பேச்சு முடியவே இல்லை. இயந்திரமான அவனுக்குத் தன்னைத் தானே அழித்துக்கொள்ள அனுமதி இல்லை. சாராதான் பொத்தானை அழுத்தி இறக்குகிறாள். கட்டைவிரல் உயர்ந்தபோது களத்தில் பாதிப் பேர் அழுதார்கள். அழாத ஒருவர் இருந்தார். 1952-ல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது இளவட்டமாக இருந்த தாத்தா. டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "ராவும் பகலும் ஒழைச்சு அவங்க உசுரக் காப்பாத்துனான். வேலை முடிஞ்சுது, அடுப்புல எறக்கிட்டாங்க. இதுல அழுவுறதுக்கு என்னய்யா புதுசா இருக்கு?" கடையில் யாரும் பதில் பேசவில்லை. இந்தப் படத்தைப் பற்றி நான் பிற்பாடு எத்தனையோ விமர்சனம் படித்துவிட்டேன். இந்தக் கோணத்தை எதிலும் பார்க்கவில்லை.

அப்புறம் ஆசை விடவில்லை. மன்னார்குடிக் கடையில் சொல்லிவைத்து, மாசி மகம் கழிந்து முதல் பாகத்தை வரவழைத்தார்கள். 1984-ல் வந்த படம். அதே அர்னால்டு. டெலிபோன் புத்தகத்தில் பேர் பார்த்து, சாரா கானர் என்ற பெயருள்ள பெண்களை வீடு தேடிப் போய்ச் சுடுகிறான். களம் கொதித்துப்போனது. "நல்ல மனுசன ஏண்டா இப்படிக் காட்டுறான்?" என்று சண்டை. சித்தப்பா என்ன சொல்லியும் எடுபடவில்லை. எந்த ஊரிலும் வில்லன் ஹீரோவாவது சகஜம். ரஜினியும் சத்யராஜும் அப்படி வந்தவர்கள்தான். ஹீரோவாகப் பார்த்து அழுத ஆளை வில்லனாகப் பார்ப்பதை மட்டும் தாங்க முடியவில்லை.

கடைசியில் ஆபரேட்டரே வழி சொன்னார்: "அவன் வேற, இவன் வேற. டபுள் ஆக்ட். இது மூத்தவன், கெட்டவன்." ஊர் அமைதியானது. கதைப்படி அதுதான் சரி. இரண்டு படத்திலும் வருவது ஒரே வார்ப்பில் செய்த வேறு வேறு இயந்திரங்கள். இரட்டை வேடப் படங்களில் ஊறிய ஊர், அந்த நுணுக்கத்தை ஒரே வரியில் பிடித்துவிட்டது.

ஆஸ்கர் குழு 1992-ல் இரண்டாம் பாகத்துக்கு நான்கு விருது கொடுத்தது. முதல் பாகத்துக்கு ஒன்றும் இல்லை. இப்போது தமிழிலும் இரண்டாம் பாகம் வழக்கமாகிவிட்டது. 'சிங்கம் 2', 'விஸ்வரூபம் 2', '2.0', 28 வருஷம் கழித்து வந்த 'இந்தியன் 2' என்று வரிசையே இருக்கிறது. எதைப் பார்த்தாலும் எனக்குக் களத்துமேட்டு அளவுகோல் ஒன்றுதான்: முதல் பாகம் பார்க்காதவரை, மொழி புரியாதவரை, சுருட்டிய பாயை மறுபடி விரித்து உட்கார வைக்கிறதா? முதல் படத்தின் பேரைச் சொல்லிக் கடன் வாங்குகிற படம் அந்த இடத்திலேயே தோற்றுவிடும். டெர்மினேட்டர் வரிசையிலேயே 2019 வரை ஆறு படம் வந்தாயிற்று. எங்கள் ஊர்க் கணக்கில் அதில் படம் என்று சொல்ல ஒன்றுதான் உண்டு, அது இரண்டாவது.