திறக்காத கோப்புகளும் பிறர் வீட்டுப் படங்களும்

எங்கள் வீட்டு மாடியில் பெண்களுக்கு மட்டுமான சிறிய புகைப்படக்கூடம் ஒன்றைச் சில ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். காயல்பட்டினத்தில் மணமகளையும் அவள் வீட்டுப் பெண்களையும் படமெடுக்க ஆண்களை அழைக்கத் தயங்கும் குடும்பங்கள் உண்டு. அவர்கள் என்னிடம் வருகிறார்கள். கதவைத் தாழிட்ட பிறகுதான் புர்காவைக் கழற்றுவார்கள். அங்கே எடுக்கும் படங்கள் அவர்கள் வீட்டைத் தாண்டக்கூடாது என்பது சொல்லாமலே விளங்கிய ஒப்பந்தம். ஆகவே கணினியில் ஒரு கோப்பு திறக்க மறுத்தால் எனக்கு அது தொழில்நுட்பச் சிக்கல் மட்டுமன்று.

நான் எடுப்பது 'ரா' கோப்புகள். அது என்னவென்று கேட்கும் சகோதரிகளிடம் பழைய நெகட்டிவை நினைத்துக்கொள்ளுங்கள் என்பேன். கழுவிப் பிரதி எடுக்கும்வரை நெகட்டிவ் படமாவதில்லை, இதுவும் அப்படியே. கேமராவின் உணரியில் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்றில் ஒரே ஒரு நிறத்தின் அளவைத்தான் பதிகிறது. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. புள்ளிகளில் பாதி பச்சைக்கே உரியவை. விடுபட்ட இரண்டு நிறங்களை அக்கம்பக்கத்துப் புள்ளிகளைக் கொண்டு மென்பொருள் கணக்கிட்டு நிரப்புகிறது. அந்தக் கணக்குக்குக் கேமரா எந்த மாடல் என்பது தெரிந்தாக வேண்டும். இவ்வளவு தொல்லை எதற்கு என்றால், 14 பிட் ரா கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 16,384 படிகள் உண்டு. ஜேபெக்கில் 256 தான். கறுப்பு வெல்வெட்டின் மடிப்புகளையும் வெள்ளைத் துப்பட்டாவின் சரிகையையும் ஒரே படத்தில் காப்பாற்ற அந்தப் படிகள் வேண்டும்.

சென்ற ஆண்டு ஒரு திருமணத்தின்போது என் கேமரா பழுதுபார்க்கப் போயிருந்தது. வாடகைக்கு எடுத்த புதிய கேனான் மாடலில் 312 படங்கள் எடுத்தேன். மணமகளின் உம்மம்மாவுக்கு எண்பதைத் தாண்டிய வயது. நாற்காலியில் அமர்த்தி, நான்கு தலைமுறையையும் சுற்றி நிறுத்தினோம். மணமகளின் மூத்த சகோதரி மறுநாள் இரவு ஜித்தாவுக்குப் புறப்படுகிறாள். "அவ கையில ஒரு படம் கொடுத்து அனுப்பணும் லாத்தா" என்று அவர்களின் உம்மா கேட்டிருந்தார்கள். அந்த நால்வரும் இனி ஒரே அறையில் கூடுவார்களா என்பதை யார் அறிவார்?

அன்றிரவு கோப்புகளைக் கணினியில் ஏற்றினால், கோப்புறையில் சிறு படங்கள் அழகாகத் தெரிகின்றன. என் மென்பொருளோ இது தனக்குத் தெரியாத வகை என்கிறது. நான் பல ஆண்டுகளுக்கு முன் ஒரே தவணையில் விலைகொடுத்து வாங்கிய பதிப்பு அது. கேனானின் சிஆர்3 வடிவம் 2018இல்தான் வந்தது. அதற்கு முந்திய மென்பொருளுக்கு அது புரியாத மொழி. வடிவம் தெரிந்த மென்பொருளும், அதன் பிறகு வெளியான கேமராவின் கோப்பைக் கண்டு திகைக்கக்கூடும். கோப்புறையில் தெரிந்த சிறு படம், ஒவ்வொரு ரா கோப்புக்குள்ளும் கேமரா வைத்துவிடும் ஜேபெக் நகல். அது தெரிகிறது என்பதால் உள்ளிருக்கும் ரா தரவு நலமாக இருக்கிறது என்று பொருளாகாது. மென்பொருள் மறுக்கிறது என்பதால் கோப்பு கெட்டுவிட்டது என்றும் பொருளாகாது.

எனக்கு உதவிக்கு வரும் என் சகோதரியின் மகள் கல்லூரியில் கணினி படிக்கிறாள். முதலில் கோப்பின் பெயர் முடிவை ஜேபிஜி என்று மாற்றிப் பார்த்தாள். பெயர்ப் பலகையை மாற்றினால் கடைக்குள் இருக்கும் சரக்கு மாறாது. பிறகு, "ஆன்லைன்ல இலவசமா மாத்திக் கொடுக்கிற தளம் நிறைய இருக்கு சாச்சி, ஏத்தினா ரெண்டு நிமிஷம்" என்றாள். அந்தத் தளங்கள் வேலை செய்வதில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஏற்றிய கோப்பு எந்த நாட்டுக் கணினியில் எத்தனை நாள் கிடக்கும், யார் கண்ணில் படும் என்பது நம் கையில் இல்லை. தலைமுடி தெரிய அமர்ந்திருக்கும் பிறர் வீட்டுப் பெண்களின் படம் என்னிடம் அமானிதம். இரவு முழுக்க விழித்தாலும் இந்த அறைக்குள்ளேயே தீர்ப்போம் என்றேன். முகம் சுருங்கினாள், எனினும் உட்கார்ந்தாள்.

தீர்வு எளிதாகவே கிடைத்தது. அடோபி நிறுவனம் 2004இல் அறிமுகப்படுத்திய டிஎன்ஜி என்னும் பொதுவான ரா வடிவம் ஒன்று உண்டு. அதற்கு மாற்றித்தரும் 'டிஎன்ஜி கன்வெர்ட்டர்' இலவசம். நம் கணினியிலேயே நிறுவிக்கொள்வது. இணையத்திலிருந்து இறக்கிய பிறகு, இணைப்பைத் துண்டித்துவிட்டும் இயக்கலாம். பழைய மென்பொருள் வைத்திருப்போர் அதன் விருப்பத்தேர்வுகளில், எந்தப் பழைய பதிப்புக்கு ஏற்றவாறு மாற்ற வேண்டும் என்பதையும் குறிக்க வேண்டும். இல்லையேல் டிஎன்ஜியும் திறக்காமல் போகலாம். மாற்றிய பின் மூலக் கோப்பை அழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கேனானின் சொந்த மென்பொருள் டிஎன்ஜியை ஏற்பதில்லை. மூலம் போனால் அந்த வழி அடைபடும்.

301 படங்கள் நன்றாக வந்தன. மீதி 11இல் பாதிக்குக் கீழே இளஞ்சிவப்பும் சாம்பலுமாகப் பட்டைகள். உம்மம்மா சிரித்த ஒரே படமும் அந்தப் பதினொன்றில் இருந்தது. சிறுமி பதறிப்போனாள். கோப்புகளின் அளவு மற்றவற்றைப் போலவே 25 எம்பிக்கு மேல் இருந்தது. ஆகவே நகலெடுப்பது பாதியில் நின்றுபோகவில்லை. அளவு சரியாக இருந்தும் உள்ளே எண்கள் சிதைந்திருக்கலாம் என்பதால், மெமரி கார்டிலிருந்து அதே கார்டு ரீடர் வழியாக அந்தப் பதினொன்றை வேறொரு கோப்புறைக்கு மீண்டும் எடுத்து, இரண்டு நகல்களின் 'செக்சம்' எண்ணையும் ஒப்பிட்டோம். விண்டோஸில் செர்ட்யூட்டில் என்ற கட்டளை அதைக் கணக்கிட்டுத் தரும். கோப்பில் ஒரு பிட் மாறினாலும் இந்த எண் மாறிவிடும். ஒரே கார்டு, ஒரே கோப்பு. ஒன்பதற்கு இரண்டு முறையும் வெவ்வேறு எண்கள்! குற்றவாளி ரீடர்தான். வேறு ரீடரை, நடுவில் எந்த ஹப்பும் இல்லாமல் நேரே கணினியில் செருகி எடுத்தபோது அந்த ஒன்பதும் முழுமையாகத் திறந்தன. உம்மம்மாவின் சிரிப்பு அவற்றில் இல்லை.

எஞ்சிய இரண்டும் கார்டிலேயே சிதைந்திருந்தன. எந்த ரீடரில் எடுத்தாலும் ஒரே செக்சம், ஒரே பட்டைகள். இங்குதான் உள்ளே வைத்த ஜேபெக் கைகொடுத்தது. சிஆர்3 கோப்பில் முழு அளவு ஜேபெக் ஒன்று, ரா தரவுக்கு முன்னால் இருக்கிறது. பின்பகுதி சிதைந்தாலும் அது தப்பிக்க வாய்ப்புண்டு. எக்ஸிஃப்டூல் என்ற இலவசக் கருவியால் அதைத் தனியே பிரித்தெடுத்தோம். பல சோனி கேமராக்களில் உள்ளே இருப்பது 1616க்கு 1080 புள்ளிகள் கொண்ட சிறு நகல்தான், அச்சுக்குப் போதாது. எங்களுக்கு முழு அளவு கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ். 256 படிகள்தான் என்பதால் உம்மம்மாவின் கறுப்புச் சால்வையின் மடிப்புகளை வெளிக்கொணர முடியவில்லை. சிரிப்பு இருந்தது.

நிறத்தைப் பற்றி ஒரு சொல். மாற்றிய ரா படம் கேமராவின் திரையில் கண்டதைவிட மங்கலாகத் தோன்றினால் யாரையும் குறை கூற வேண்டாம். திரையில் கண்டது கேமரா தன் ரசனைக்கு நிறமேற்றிய ஜேபெக். மென்பொருளில் கேமராவின் நிறச் சுயவிவரத்தைத் தேர்ந்தால் ஏறக்குறைய அதுவே வந்துவிடும். இறுதிப் படத்தை எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் சேமிப்பதும் முக்கியம். அடோபி ஆர்ஜிபியில் சேமித்தது சில கைப்பேசிகளில் வெளிறித் தெரியும். மணமகளுக்கு மஞ்சள் காமாலையா என்று மாமியார் வீட்டில் கேட்கும் நிலை வரும்.

மறுநாள் அஸருக்குப் பின் மணமகளின் உம்மா வந்து, சால்வை மடிப்பு இல்லாத படத்தையே ஜித்தாவுக்கு எடுத்துக்கொண்டார்கள். மற்றவற்றை இரண்டு வன்தட்டுகளில் பதிந்து கொடுத்தேன். வீட்டில் திறந்து எண்ணிப் பார்த்து அவர்கள் தொலைபேசியில் சொல்லும்வரை மெமரி கார்டு என் பீரோவில் உறைக்குள் இருக்கும்; உறைமேல் பெயர் எழுதுவதில்லை, எண் மட்டும். நான்காம் நாள் அவர்கள் மீண்டும் வந்தார்கள். என் கணினியில் இருந்ததை அழிப்பதை அருகில் நின்று பார்த்தார்கள். சிதைந்த கார்டை என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். அதை அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டேன், விலை வாங்கவில்லை.