இல்லை என்று எழுதுமுன்

பெரிய நிலநடுக்கம் வந்தால் பின்னாலேயே பின்னதிர்வுகளும் வரிசைகட்டி வரும் என்பதுதான் பொதுவான நினைப்பு. 2004 டிசம்பர் 26-இல் சுமத்ராவில் அப்படித்தான் நடந்தது. உவரி, இடிந்தகரைப் பக்கம் கடல் ஏறி வடிந்த பிறகும் சுமத்ராப் பக்கம் மாதக்கணக்கில் தரை ஆடியது. ஆனால் அந்தப் பிளவு தொடங்கியது சுமார் 30 கிலோமீட்டர் ஆழத்தில். நான் பல வருஷமாகத் துரத்துவது 300 முதல் 700 கிலோமீட்டர் ஆழத்தில் நடப்பவற்றை. அவற்றுக்குப் பின்னதிர்வுகள் மிகக் குறைவு. உண்மையிலேயே குறைவா, அல்லது வந்தும் நம் காதில் விழவில்லையா? இதைப் பிரித்துச் சொல்வதுதான் வேலையே.

என் கருவி அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே மலையடிவாரப் பாறைமேல் உட்கார்ந்திருக்கிறது. இந்தப் பக்கத்துப் பாறை பழையது, கெட்டியானது. சன்னமான அலையும் அதில் அதிகம் தேயாமல் வந்து சேரும். கெடுப்பது காற்று. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக அடிக்கிற காற்றில் மரங்கள் ஆடுவதும், தொலைவில் காற்றாலைகள் சுழலுவதும் தரை வழியாகவே வந்துவிடும். கல்குவாரி வெடி பரவாயில்லை, அதன் முகம் தெரியும். பருவமழைக் காலத்துக் கடல்தான் ஓயாது. சில விநாடிக்கு ஒருமுறை தரையை மெல்ல ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும். (நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்தன்று டவுனில் கருவி வைக்கச் சொல்பவர் இந்தத் தொழிலுக்குப் புதியவர்.)

இடம் வேறு விதத்திலும் முக்கியம். 2023 ஏப்ரல் 14-இல் ஜாவா கடலுக்கடியில் சுமார் 600 கிலோமீட்டர் ஆழத்தில் 7.0 அளவில் ஒன்று வந்தது. பூமியின் மையத்திலிருந்து அளக்கும் கோணக் கணக்கில் அது நமக்கு 37 பாகை தூரம்தான். முதலில் வந்து சேரும் பி அலை ஆறு நிமிடம் தாண்டியதும் சுத்தமாக வந்து நிற்கும். உலகின் ஆழ நிலநடுக்கங்களில் பெரும்பங்கு நடக்கிற பிஜி, டோங்கா பக்கமோ இங்கிருந்து கிட்டத்தட்ட 105 பாகை. பூமியின் கருவம் மறைக்கிற நிழலின் விளிம்பு அது. 2018 ஆகஸ்ட் 19-இல் பிஜியில் 8.2 வந்தபோதுகூட, நேர் வழியில் வர முடியாமல் கருவத்தின் ஓரத்தைத் தடவி வளைந்த அலைதான் இந்தப் பக்கம் வந்திருக்கும். அதன் சின்னப் பின்னதிர்வை இங்கிருந்து தேடுவது வீண். பொலிவியாவோ 145 பாகை. அந்தத் தூரத்தில் கருவத்துக்குள் புகுந்து வளைந்த அலைகள் ஓரிடத்தில் குவியும். ஜாவாவைவிட நாலு மடங்கு தூரத்தில் நடப்பது பிஜியில் நடப்பதைவிடத் தெளிவாகத் தெரியும் என்றால் யாரும் லேசில் நம்புவதில்லை.

பழகாதவர்கள் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. ஆழத்தில் பாறை உடைந்ததும் ஓர் அலை நேராக நம்மிடம் வருகிறது. இன்னொன்று முதலில் மேலேறி, தரையில் மோதித் திரும்பி, பிறகு வருகிறது. 600 கிலோமீட்டர் ஆழம் என்றால் இரண்டாவது சுமார் இரண்டு நிமிடம் தாமதம். தாளில் பார்த்தால் குட்டி நிலநடுக்கம் மாதிரியே இருக்கும். பின்னதிர்வு என்று பேனாவால் குறிக்கக் கை துடிக்கும். பிரித்தறிய வெவ்வேறு தூரத்து நிலையங்களின் பதிவுகளை அடுக்கிப் பார்க்க வேண்டும். முதல் அதிர்வுக்குப் பக்கத்திலேயே நடந்த பின்னதிர்வு என்றால் இடைவெளி எல்லா நிலையத்திலும் ஏறக்குறைய ஒன்றே. தரையில் மோதி வந்தது என்றால் தூரத்துக்குத் தக்கபடி இடைவெளி மாறும். இத்தனைக்கும் அந்த மோதி வந்த அலையைத் திட்டக் கூடாது. ஆழத்தை நம்பகமாகச் சொல்வதே அதுதான்.

ஒற்றைக் கருவியால் இதற்கு மேல் முடியாது. கர்நாடகத்தின் கௌரிபிதனூரில் 1960-களில் அணுவெடிச் சோதனைகளைக் கண்டுபிடிக்க நிறுவிய கருவி வரிசை ஒன்று உண்டு. ‘ட’ எழுத்துப் போல இரண்டு கை, மொத்தம் இருபது கருவிகள். அலை ஒவ்வொன்றையும் தொடும் நேர வித்தியாசத்தைச் சரிசெய்து பதிவுகளைக் கூட்டினால், இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொள்ள, சமிக்ஞை எழும்பி நிற்கும். இருபது கருவிக்குச் சுமார் நாலரை மடங்கு லாபம்.

இத்தனைக்குப் பிறகும் ஒன்றும் தெரியாவிட்டால் உடனே “பின்னதிர்வு இல்லை” என்று எழுத மாட்டேன். முதன்மை அதிர்வின் அலை வடிவத்தை எடுத்து, படிப்படியாகச் சிறிதாக்கி, அன்றைய இரைச்சலுக்குள் அங்கங்கே நானே ஒளித்து வைப்பேன். பிறகு எதுவும் தெரியாதவன் போலத் தேடுவேன். எந்த அளவுக்குக் கீழே என் கண்ணுக்குச் சிக்காமல் போகிறதோ, அதுதான் அன்றைக்கு என் செவிட்டுத்தனத்தின் அளவு. மார்கழி இரவில் சிக்குவது ஆடிப் பகலில் சிக்காது. பெரிய அதிர்வின் வால் அடங்காத முதல் சில நிமிடங்களில் நிலைமை இன்னும் மோசம். “இந்த அளவுக்கு மேல் எதுவும் இல்லை” என்று எழுதினால்தான் அந்த வரிக்கு மதிப்பு. வெறும் “இல்லை” என்று முடித்துவிட்ட பட்டியல்களை நான் நம்புவதில்லை.

இவ்வளவு மெனக்கெடக் காரணம் உண்டு. 600 கிலோமீட்டர் ஆழத்தில் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல இரண்டு லட்சம் மடங்கு. அங்கே பாறை உடையக் கூடாது, குழைந்து நகர வேண்டும். இருந்தும் உடைகிறது. குளிர்ந்த பாறைத்தட்டின் நடுவில் ஒலிவின் என்னும் கனிமம் காலம் தாழ்த்தி, திடீரென அடர்ந்த வடிவுக்கு மாறுவதால் என்கிறார்கள் ஒரு சாரார். உராய்வுச் சூட்டில் பாறை உருகி வழுக்குவதால் என்கிறார்கள் இன்னொரு சாரார். 1994 மார்ச்சில் டோங்காவில் 7.6 வந்தபோது பக்கத்திலேயே தற்காலிகக் கருவிகள் இருந்தன. பின்னதிர்வுகள் ஏராளமாகச் சிக்கின. அதே ஆண்டு ஜூன் 9-இல் பொலிவியாவில் சுமார் 630 கிலோமீட்டர் ஆழத்தில் 8.2. அங்கேயும் கருவிகள் இருந்தன. பல மடங்கு பெரிய அதிர்வுக்குச் சொற்பமே கிடைத்தன. இது செவிட்டுத்தனம் இல்லை, உண்மையான அமைதி. டோங்காவின் தட்டு குளிர்ந்தது, பொலிவியாவினுடையது அதைவிடச் சூடானது. பின்னதிர்வுகளின் எண்ணிக்கை பாறையின் வெப்பத்தைச் சொல்கிறது.

ஜப்பானின் ஒகசவாரா தீவுகளுக்கு அடியில், 2015 மே 30-இல் சுமார் 670 கிலோமீட்டர் ஆழத்தில் 7.9 வந்தது. அதன் பின்னதிர்வு ஒன்று 751 கிலோமீட்டர் ஆழத்தில் இருந்ததாக 2021-இல் ஓர் ஆய்வு சொன்னது. உண்மையென்றால் ஒலிவின் விளக்கம் அங்கே செல்லாது. அந்த ஆழத்தில் கனிமங்களே வேறு. பிறகு வேறொரு குழு பின்னதிர்வுகளின் இடங்களைத் திரும்பக் கணித்துப் பார்த்து, அப்படி ஒன்றுக்குச் சான்று இல்லை என்றது. என் சாய்வு மறுத்தவர்கள் பக்கமே. முதல் ஆய்வு நம்பியது ஜப்பானின் கருவி வலையை. வலை எவ்வளவு நெருக்கமானாலும் கருவிகள் எல்லாம் அதிர்வுக்கு ஒரே பக்கத்தில் இருந்தால் ஆழத்தில் பிசகு வரும். மறுபக்கத்திலிருந்து இன்னொரு பதிவு அதையே காட்டும்வரை 751 என்ற எண்ணை நான் பென்சிலில்தான் எழுதி வைப்பேன்.