மக்கள்தொகை பூஜ்யம்... ஆனா மேயர் உண்டு!

ஒரு சின்ன விடுகதை. ஒரு ஊர் இருக்கு. அங்கே ஒரு வீடு கிடையாது, ஒரு டீக்கடை கிடையாது, குடியிருக்க ஒரே ஒரு ஆள்கூடக் கிடையாது. ஆனா, அந்த ஊருக்கு ஒரு மேயர் இருக்கார். எப்படி?

‘என்ன பாஸ், காதுல பூ சுத்தறியா?’ என்று நீங்கள் கேட்பது புரிகிறது. நானும் அதையேதான் கேட்டேன். பிரான்ஸில், நான்சி நகரத்து ஹாஸ்டல் கிச்சனில், கையில் பாதி வெந்த நூடுல்ஸோடு. ஒரு செமஸ்டர் மட்டும் அங்கே படிக்கப் போயிருந்தேன். கூடப் படித்த பிரெஞ்சுத் தோழி, “ஞாயித்துக்கிழமை எங்க ஊருக்குப் போறேன். வர்றியா?” என்றாள். கிராமத்துச் சாப்பாடு கிடைக்கும் என்ற நப்பாசையில், “ஊர்ல யாரெல்லாம் இருக்காங்க?” என்றேன்.

“யாருமே இல்லை. மேயர் மட்டும் உண்டு. அவரும் அங்கே குடியிருக்கலை!”

வருஷா வருஷம் அவளை அங்கே கூட்டிப் போவது அவள் தாத்தா. அந்த வருஷம் அவருக்கு முழங்கால் ஆபரேஷன். அதனால், முதல்முறையாக அவள் தனியாகப் போக வேண்டிய கட்டாயம். துணைக்கு நான்.

நான்சியிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம். மியூஸ் நதிக்கரையில் வெர்டன் என்ற ஊர் வரும். நதிக்குக் கிழக்கே வரிசையாக மேடுகள். அதில் ஒரு மேட்டின் மேல் இருந்ததுதான் ஃப்ளெரி-தெவான்-துவோமோன். பெயரைப் பார்த்து பயப்படாதீங்க. ‘துவோமோனுக்கு முன்னால் இருக்கும் ஃப்ளெரி’ என்று அர்த்தம். அவ்வளவுதான்!

காரை விட்டு இறங்கியதும் எனக்கு ஒரே குஷி. ஏப்ரல் மாதம். பச்சைப்பசேல் புல். தரை சமமாக இல்லாமல், அலை அலையாக மேடும் பள்ளமுமாகப் போகிறது. நடுவே வளைந்து வளைந்து ஒற்றையடிப் பாதை, சுற்றிலும் காடு. “செம ஸ்பாட்! கோல்ஃப் மைதானம் மாதிரியே இருக்கே!” என்று கேமராவை எடுத்தேன். சரிவில் உட்கார்ந்து, சட்டைக் காலரைத் தூக்கிவிட்டு போஸ் வேறு.

அவள் கோபப்படவில்லை. “நீ உட்கார்ந்திருக்கறது குண்டு விழுந்த குழி. இங்கே தெரியற எல்லாப் பள்ளமும் அதுதான். பாதையை விட்டு இறங்காதே. வெடிக்காத குண்டு இன்னும் உள்ளே கிடக்கு” என்றாள்.

நான் எழுந்த வேகத்தை நீங்கள் பார்த்திருக்கணும்!

முதல் உலகப்போர் என்றால் நமக்கு என்ன ஞாபகம் இருக்கும்? 1914, ஆஸ்திரிய இளவரசர், ஐந்து மார்க். எழுதினோம், மறந்தோம். அந்த ஐந்து மார்க்குக்குள் இந்தக் கிராமமும் இருந்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

போருக்கு முன் ஃப்ளெரியில் 422 பேர் வாழ்ந்தார்கள். வயல், மாடு, மர வேலை. பள்ளிக்கூடம், தேவாலயம், பக்கத்தில் குட்டி ரயில் நிலையம். யார் வம்புக்கும் போகாத ஊர். ஆனா, 1870-71 போரில் ஜெயித்த ஜெர்மனி, அல்சாஸையும் லொரேனில் ஒரு பகுதியையும் எடுத்துக்கொண்டது. ஃப்ளெரி இருந்த இடத்தில்தான் இருந்தது. எல்லைக்கோடுதான் நகர்ந்து அதன் பக்கத்தில் வந்துவிட்டது! பயந்துபோன பிரான்ஸ், வெர்டனைச் சுற்றி வளையமாகக் கோட்டைகள் கட்டியது. வடக்கே துவோமோன் கோட்டை, தெற்கே சூவில் கோட்டை. நடுவில் மாட்டிக்கொண்டது இந்தக் கிராமம்.

1916 பிப்ரவரி 21. ஜெர்மனியின் பீரங்கிகள் முழங்க ஆரம்பித்தன. ஊரைக் காலி பண்ணச் சொல்லி உத்தரவு. தோழியின் தாத்தாவுடைய அம்மாவுக்கு அப்போது ஏழு வயசு. அடுப்பில் சூப் கொதித்துக்கொண்டிருந்ததாம். ‘வந்து சாப்பிட்டுக்கலாம்’ என்று பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பினார்களாம். அந்தக் கிழவி சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தது அந்த சூப்பைப் பற்றித்தான்.

அதற்குப் பிறகு நடந்தது கொடூரம். நான்கே நாளில் துவோமோன் கோட்டை விழுந்தது. ஜூன் 23-ம் தேதி, விஷவாயுக் குண்டுகளை வீசிவிட்டு ஜெர்மன் படை ஃப்ளெரிக்குள் நுழைந்தது. பிரெஞ்சுப் படை திருப்பித் தாக்கியது. ஆகஸ்ட்டுக்குள் அந்த ஊர் 16 முறை கைமாறியது. ஒவ்வொரு முறையும் குண்டுமழை. கடைசியாக பிரான்ஸ் மீட்டபோது, ‘இதுதான் ஊர்’ என்று காட்ட ஒரு சுவர்கூட இல்லை. டிசம்பர் வரை, சுமார் 300 நாட்கள் நடந்த வெர்டன் போரில் செத்தவர்கள், இரண்டு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 3 லட்சம் பேர்.

போர் முடிந்தது. ஊர்க்காரர்கள் திரும்பி வர முடிந்ததா? இல்லை. மண்ணெல்லாம் இரும்பு, விஷம், எலும்பு. இங்கே உழக்கூடாது, வீடு கட்டக்கூடாது என்று அரசாங்கம் அந்த இடங்களை ‘சிவப்பு மண்டலம்’ என்று அறிவித்து, மரங்களை நட்டது. நாங்கள் பார்த்த காடு அப்படி வந்த காடு. 2013-ல்கூட ஃப்ளெரியில் 26 பிரெஞ்சு வீரர்களின் எலும்புகள் கிடைத்திருக்கின்றன.

இந்தப் பகுதியில் இதே கதிக்கு ஆளான கிராமங்கள் ஒன்பது. நாட்டுக்காகச் சாகும் சிப்பாய்க்குத் தரும் ‘பிரான்ஸுக்காக உயிர்நீத்த’ என்ற மரியாதையை, அந்தக் கிராமங்களுக்கும் கொடுத்தார்கள். மனுஷனுக்குக் கொடுக்கிற பட்டம் ஊருக்கு! மூன்று ஊர்களில் பிறகு கொஞ்சம் பேர் குடியேறினார்கள். ஃப்ளெரி உள்பட ஆறில் இன்றுவரை யாருமில்லை. ஆனால், 1919-ல் வந்த சட்டம், ‘இந்த ஊர்களின் பெயரை வரைபடத்திலிருந்து எடுக்கக்கூடாது’ என்ற கோரிக்கைக்கு வழி செய்தது. அதனால்தான் மேயர். ஓட்டுப் போட ஆள் இல்லையே... நம்ம கலெக்டர் மாதிரி அங்கே இருக்கும் அதிகாரி, மூன்று பேர் குழுவை நியமிக்கிறார். அதன் தலைவருக்குத்தான் மேயர் பொறுப்பு. எதிர்க்கட்சி இல்லை, கட்-அவுட் இல்லை. பாதையைப் பராமரிக்கணும், நினைவுச் சின்னங்களைப் பார்த்துக்கணும், வருஷத்துக்கு ஒருமுறை பழைய ஊர்க்காரர்களின் வாரிசுகளை வரவேற்கணும்.

விடுகதைக்கு விடை கிடைச்சாச்சா? ஆனால், என்னை உலுக்கியது அது இல்லை.

பாதையோரம் சின்னச் சின்னக் கம்பங்கள். ஒன்றில் ‘பள்ளிக்கூடம்’. கொஞ்சம் தள்ளி ‘ரொட்டிக்கடை’. அப்புறம் ‘கொல்லன்’, ‘மளிகைக்கடை’. எழுத்து மட்டும் இருக்கு. பின்னால் வெறும் குழி, புல். பழைய தேவாலயம் நின்ற இடத்தில், 1934-ல் கட்டிய சின்ன ஆலயம் மட்டும்தான் கட்டடம் என்று சொல்லும்படி நிற்கிறது.

தோழி ரொட்டிக்கடைக் கம்பத்தருகே நின்றாள். முன்னே போனாள், பின்னே வந்தாள். முகம் மாறிவிட்டது. “எங்க வீடு இங்கிருந்து எந்தப் பக்கம்னு மறந்துபோச்சு. தாத்தா எப்பவும் காட்டுவார். நான் சரியா கவனிச்சதே இல்லை” என்றாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. கவனித்துக்கொள்ள வருஷம் நிறைய இருக்கு என்று நினைத்திருக்கிறாள், பாவம்.

தாத்தாவுக்கு போன் போட்டாள். ஸ்பீக்கரில் அவர் குரல். அரைகுறை பிரெஞ்சில் எனக்கே புரிந்தது.

“ரொட்டிக்கடைக்கு முதுகைக் காட்டி நில்லு. வலது பக்கம் நாப்பது அடி நட. என்ன தெரியுது?”

“ரெண்டு மரம் தாத்தா. ஒரு பள்ளம்.”

“அதுதான் அடுப்படி.”

‘அடுப்படி இருந்த இடம்’ என்று அவர் சொல்லவில்லை. கவனிச்சீங்களா? அந்த வீட்டை அவரே பார்த்ததில்லை. அவர் பிறப்பதற்குப் பல வருஷம் முன்பே அது மண்ணாகிப் போச்சு. அம்மா சொல்லிச் சொல்லி, அவர் மனசுக்குள் அந்த அடுப்படி அப்படியே இருக்கு.

அவள் பையிலிருந்து நோட்டை எடுத்து, அங்கேயே படம் வரைய ஆரம்பித்தாள். ரொட்டிக்கடை, பள்ளிக்கூடம், நாற்பது அடி, ரெண்டு மரம். தாத்தா போனில் சொல்லச் சொல்ல, பக்கத்து வீடு, எதிர் வீடு, கிணறு... ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டாள். முக்கால் மணி நேரம். போனில் சார்ஜ் தீரும்வரை.

நான் கேமராவை எடுத்து, குழியில் உட்கார்ந்து எடுத்த போட்டோவை அழித்தேன்.

உங்கள் வீட்டிலும் பழைய ஊரைப் பற்றி, பழைய வீட்டைப் பற்றி, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிற ஒரு பெரியவர் இருப்பார். ‘ஆரம்பிச்சுட்டார்டா!’ என்று எழுந்து போகாமல், அடுத்த முறை ஒரு நோட்டோடு எதிரில் உட்காருங்கள் நண்பர்களே. எந்தப் பக்கம், எத்தனை அடி என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அவர்கிட்டே கேட்க முடிகிற வரைக்கும்தான் அது சுலபம்!