பெத்ராவின் வாய்க்கால்

செவ்வாய், வாதி மூசா, ஜோர்டான்

காலை ஆறு மணிக்கே பெத்ரா வாசலில் நின்றோம். ஒரு நாள் சீட்டு 50 டினார். நம் மலேசியக் காசில் ஏறக்குறைய முந்நூறு வெள்ளி. அக்கா முணுமுணுத்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார்.

சீக் என்னும் மலையிடுக்கு 1.2 கிலோமீட்டர். எல்லாரும் அண்ணாந்தபடி நடக்க, எனக்குச் சுவரோரத்தை விட்டுக் கண் நகரவில்லை. ஒரு பக்கம் பாறையிலேயே வெட்டிய வாய்க்கால். எதிர்ப்பக்கம் சுடுமண் குழாய்கள், ஒன்றின் வாயில் இன்னொன்று செருகியிருந்தது. நடுநடுவே வண்டல் தங்குவதற்குத் தொட்டிகள். இந்த ஊரை அமைத்த நபத்தேயர்கள் வாதி மூசா ஊற்றுநீரை இப்படித்தான் ஊருக்குள் கொண்டுபோயிருக்கிறார்கள், இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னால்! இங்கே வருஷம் முழுக்கப் பெய்யும் மழையை டிசம்பரில் எங்கள் ஊர் பெக்கோக் ஒரே வாரத்தில் கொட்டித் தீர்ப்பதுண்டு.

இடுக்கு முடிந்ததும் கஸ்னே. ஏறக்குறைய 40 மீட்டர் உயரம், அத்தனையும் மலையில் செதுக்கிய கல்லறை முகப்பு. உச்சிக் கலசத்தில் புதையல் இருக்குமென்று சுட்ட குண்டுகளின் தழும்பு இன்னும் தெரிகிறது. கலசமோ கெட்டிப் பாறை. பாவம், தோட்டாதான் வீண்.

எனக்குப் பிடித்தது பாதியில் நின்றுபோன இன்னொரு கல்லறை. மேலே தூண்தலைகள் உருவாகியிருக்கின்றன, கீழே மலை மலையாகவே இருக்கிறது. மேலிருந்து கீழாகச் செதுக்கினார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். கழுகுமலை வெட்டுவான்கோயிலிலும் பாண்டிய நாட்டுச் சிற்பிகள் எட்டாம் நூற்றாண்டில் இதையே செய்து, இதே மாதிரி முடிக்காமல் விட்டார்கள்.

புதன், இரவு

தண்ணீரைக் கொண்டுவந்ததைவிட, வேண்டாத தண்ணீரைத் திருப்பியதுதான் பெரிய கெட்டிக்காரத்தனம். சீக்கின் வாயில் அணை கட்டி, காட்டு வெள்ளத்தை மலைக்குள் குடைந்த சுரங்கம் வழியே வெளியேற்றினார்கள். பின்னால் கவனிப்பாரில்லை. 1963 ஏப்ரலில் வெள்ளம் சீக்குக்குள் புகுந்து, பிரெஞ்சுப் பயணிகள் இருபது பேருக்குமேல் பலியானார்கள். அதற்குப் பிறகே அணையைத் திரும்பக் கட்டினார்கள்.

ஞாயிறு, பெக்கோக்

மழை. வீட்டு முன்னால் கால்வாயில் செம்பனை மட்டையும் பிளாஸ்டிக்கும் அடைத்துக் கிடக்கின்றன. 2006 டிசம்பரில் எங்கள் சிகாமட் வட்டாரம் மூழ்கியதைப் பார்த்தவர்கள் நாம்; அப்படியும் இங்கே கால்வாயைக் கவனிப்பாரில்லை.

பெத்ரா போகிறவர்கள் கஸ்னே முன்னால் ஆசைதீரப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் சீக்கில் அவசரப்படாதீர்கள், அந்த வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே நடங்கள். முகப்புகள் செத்தவர்களுக்காக; ஊர் பிழைத்தது வாய்க்காலால்.