பெற்றோர் இல்லாத மதிப்பீடு

சில ஆண்டுகளுக்கு முன் புதுச்சேரி லாஸ்பேட்டைத் தம்பதி வக்கீலான என்னிடம் கொண்டுவந்தது ஒரே ஒரு தாள். ‘சொந்தக் காரணங்களுக்காக எங்கள் மகனுக்கு டி.சி. கேட்கிறோம்’ என்று தனியார் பள்ளி ஒன்றே தட்டச்சு செய்து, கையெழுத்துக்கு இடம் விட்டுக் கொடுத்திருந்த கடிதம். பையன் நான்காம் வகுப்பு. அவனுக்கு ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, மிகைத்துறுதுறுப்புக் கோளாறு) என்று பள்ளிக் கவுன்சிலர் அறிக்கை எழுதிவிட்டாராம். எப்போது பார்த்தார், என்ன சோதனை செய்தார் என்று பெற்றோருக்குத் தெரியாது. நகல் கேட்டதற்கு, அது பள்ளியின் ஆவணம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அம்மா கணக்கு நோட்டை எடுத்துக் காட்டினார். முதல் மூன்று கணக்கும் சரி. நான்காவது பாதியில் நிற்கிறது. மீதிப் பக்கம் முழுக்க விமானங்கள். வீடு விமான நிலையத்துக்குப் பக்கம். ஓரத்தில் சிவப்பு மையில் ‘இன்கம்ப்ளீட்’. பல பக்கங்கள் இப்படித்தான். பாடம் தெரியாத பிள்ளை இல்லை அவன். முன்வரிசையில் ஓர் இடமும் கூடுதலாகக் கொஞ்ச நேரமும் கொடுத்தால் முடித்துவிடுவான்.

டி.சி. விஷயத்தில் சட்டம் தெளிவு. கல்வி உரிமைச் சட்டம், 2009, தொடக்கக் கல்வி முடியும்வரை, அதாவது எட்டாம் வகுப்புவரை, எந்தக் குழந்தையையும் வெளியேற்றக் கூடாது என்கிறது. பெற்றோரே கேட்டதுபோல் கடிதம் வாங்குவது இந்தத் தடையைச் சுற்றிப் போகும் வழி. (அது சிறுபான்மைப் பள்ளியாக இருந்திருந்தால் இந்த வாதம் நின்றிருக்காது. 2014இல் பிரமதி வழக்கில் உச்ச நீதிமன்றம் அத்தகைய பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்றது.)

சிக்கல் கூடுதல் நேரம் என்ற சலுகையில்தான் வந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, அட்டவணையில் 21 வகைகளைச் சொல்கிறது. ஆட்டிசம் இருக்கிறது, கற்றல் குறைபாடு இருக்கிறது, ஏ.டி.எச்.டி. இல்லை. பள்ளியின் வக்கீல் அதையே பிடித்துக்கொண்டார்: சான்றிதழ் இல்லாத பிள்ளைக்குக் கூடுதல் நேரம் எப்படித் தருவது?

என் கையில் விகாஷ் குமார் தீர்ப்பு இருந்தது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நோய் உள்ள அந்த இளைஞருக்கு யு.பி.எஸ்.சி. தேர்வில் எழுத்தரை மறுத்தார்கள். 40 சதவீத ஊனம் இல்லை என்பது காரணம். 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நியாயமான வசதி கேட்க 40 சதவீதம் தேவையில்லை. நீண்டகாலக் குறைபாடும் அதனால் சமமாகப் பங்கேற்க முடியாத நிலையும் போதும் என்றது. அட்டவணையைக் காட்டி ஒரு பிள்ளைக்குக் கதவைச் சாத்த முடியாது என்பதற்கு எனக்கு அதுவே ஆதாரம்.

ஆனாலும் பள்ளிக்கு அனுப்பிய நோட்டீஸில் நான் அழுத்தி எழுதியது அறிக்கையைப் பற்றி. ஏ.டி.எச்.டி. என்று முடிவு செய்ய மருத்துவம் வைத்திருக்கும் அளவுகோல் என்ன? அறிகுறிகள் ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும். 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஒரே இடத்தில் அல்ல, இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். வகுப்பில் துறுதுறுப்பு, வீட்டில் இல்லை என்றால் கோளாறு வகுப்பறையில் இருக்கலாம், காதிலோ கண்ணிலோகூட இருக்கலாம். அப்படியானால் அம்மா அப்பாவிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் எழுதியது எப்படி மதிப்பீடு ஆகும்? அமெரிக்காவில் சிறப்புக் கல்விக்காகப் பிள்ளையை முதன்முதலாக மதிப்பிடவே பெற்றோரின் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும். முடிவை ஏற்காவிட்டால் அரசுச் செலவில் வேறொரு மதிப்பீடு கேட்கலாம். நம் சட்டம் இதை அவ்வளவு விரிவாகச் சொல்லவில்லை. அது பெரிய குறை என்றே நினைக்கிறேன்.

வழக்கு நீதிமன்றம்வரை போகவில்லை. நோட்டீஸுக்குப் பின் பள்ளி கடிதத்தைத் திரும்பப் பெற்றது, அறிக்கையின் நகலும் வந்தது. ஒரே பக்கம், ஆசிரியை டிக் அடித்த கேள்வித்தாள். செய்த சோதனை எதன் பெயரும் அதில் இல்லை. பெற்றோர் பையனை மருத்துவரிடம் காட்டி முறையாகப் பரிசோதிக்க வைத்தார்கள். ஏ.டி.எச்.டி. உறுதியானது. மறைக்க அவர்களுக்கும் எண்ணமில்லை. பையன் அதே பள்ளியில், முன்வரிசையில், கூடுதல் நேரத்தோடு படிப்பைத் தொடர்ந்தான்.

பள்ளி நீட்டும் எந்தத் தாளிலும் அன்றே கையெழுத்துப் போடாதீர்கள். அறிக்கை நகலை எழுத்தில் கேளுங்கள், பெற்றுக்கொண்டதற்குச் சீல் வாங்குங்கள். பிள்ளையை முறையாக மதிப்பிடக் கோரிமேடு ஜிப்மரில் குழந்தை நலப் பிரிவும் மனநலப் பிரிவும் இருக்கின்றன. அதற்குப் பிறகும் பள்ளி வசதி தர மறுத்தால் மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் நீங்களே மனு கொடுக்கலாம். சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்டு வாங்கவும் அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு.