ஊதா ரிப்பனும் எங்கள் டீச்சரும்

செப்டம்பர் 5 நெருங்கினால் எங்கள் மாலைநேரப் படிப்பகத்தில் ஒரு சண்டை வரும். பாலக்கோட்டுக்குப் பக்கத்துக் காலனியில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து நடத்தும் இடம் அது. சண்டை எங்களுக்கும் டீச்சருக்கும். எங்கள் சனத்தில் முதலில் வாத்தியார் வேலைக்குப் போன பெண் அவர். இன்னும் இரண்டு வருடத்தில் ஓய்வு.

"தேசிய நல்லாசிரியர் விருதுக்கு எழுதுங்க டீச்சர்" என்போம். 2018 முதல் அதற்கு ஆசிரியரே இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

"நான் நல்லா சொல்லிக் குடுத்தேன்னு நானே எழுதிக் குடுக்கணுமா?" என்பார்.

இந்த வருடம் அவரை மடக்க பிரான்சு வரைக்கும் போனோம். கல்விக்காக அந்த நாடு தரும் 'பால்ம் அகாதெமிக்' என்னும் பனையோலைப் பதக்கத்தை 1808இல் தொடங்கியவர் நெப்போலியன். ஊதா ரிப்பனில் தொங்கும். முதலில் அது பல்கலைக்கழகப் பெரிய மனிதர்களுக்குத்தான். 1866இல் வட்டம் விரிந்தது. மாவட்டந்தோறும் பெண்களுக்கு ஆசிரியர் பயிற்சிப் பள்ளி வேண்டும் என்று 1879இல் சட்டம் வந்தது. அப்புறம் கிராமத்துப் பள்ளி ஆசிரியைகளின் ரவிக்கையிலும் அந்த ரிப்பன் ஏறியது. சம்பளம் மட்டும் ஆணைவிடக் குறைவு. (ரிப்பனுக்குச் செலவு கம்மி, தோழர்களே.)

அதே காலத்தில் லூயிஸ் மிஷேல் என்ற ஆசிரியையும் இருந்தார். பாரிஸ் கம்யூன் எழுச்சியில் நின்றதற்காக 1873இல் நியூ கலிடோனியா தீவுக்கு நாடு கடத்தினார்கள். அங்கே பிரெஞ்சுக்காரர்கள் அடிமைப்படுத்திய கனக் மக்களுக்குப் பாடம் சொன்னார். 1878இல் அவர்கள் கிளர்ந்தபோது அவர்கள் பக்கமே நின்றார். அரசு அவருக்குத் தந்தது கைதி எண்.

நம் நாட்டுக்கு வருவோம். 1852இல் புனேயில் ஆங்கில அரசு சால்வை போர்த்தியது ஜோதிராவ் பூலேவுக்கு. அவர் செய்தது சின்ன வேலை இல்லை, மறுக்கவில்லை. ஆனால் வகுப்புக்குப் போகும் வழியில் சாணியடி வாங்கி, மாற்றுச் சேலையும் கையோடு எடுத்துப் போனவர் சாவித்திரிபாய். 1897இல் பிளேக் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்து செத்தார். அவருக்குத் தபால்தலை வந்தது 1998இல். ஆனால் அவர்கள் பள்ளியில் படித்த மாங் சாதிச் சிறுமி முக்தா சால்வே, 14 வயதில், 1855இலேயே தன் சனத்தின் துயரத்தைக் கட்டுரையாக எழுதி அச்சில் ஏற்றிவிட்டாள்.

இவ்வளவும் சொல்லி, "பாருங்க டீச்சர், நாமளே கேக்கலன்னா நம்மள யாரும் பாக்க மாட்டாங்க" என்றோம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் மொண்டு கொடுத்த தண்ணீரைக் குடிக்கக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்பிய ஊர் அது. அந்தப் பிள்ளைகளுக்கும் அவர்தான் அ, ஆ போட்டார். இதை எந்த விண்ணப்பத்தில், எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எங்களுக்கும் தெரியவில்லை.

டீச்சர் பொறுமையாகக் கேட்டார். "அந்த முக்தா பொண்ணு எழுதினதத் தமிழ்ல கொண்டாங்க, பிள்ளைங்களுக்குப் படிச்சுக் காட்டுறேன்" என்றார். பிறகு, பத்தாவதோடு நின்று தக்காளி மண்டிக்குக் கூலிக்குப் போகும் ஒரு மாணவியின் பெயரைச் சொன்னார். "விருத அப்புறம் பாக்கலாம். நாளைக்கு அவ வீட்டுக்குப் போலாம், வரீங்களா?"

போனோம். அம்மா சம்மதித்துவிட்டார். அப்பாவிடம் இன்னும் பேச வேண்டியிருக்கிறது.